கண்ணாடிக் கடையும் சலீம் நானாவின் மரவாங்கும்

இந்தத் தொடரில் என் கல்யாணத்தை எழுதினேன். மாமியாரோடு போட்ட சண்டையை எழுதினேன். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணியிடம் ஏச்சு வாங்கியதைக்கூட வெட்கமில்லாமல் எழுதினேன். இதை மட்டும் பல வருடங்களாகத் தள்ளித் தள்ளி வைத்தேன். பேனாவை எடுப்பேன், விளக்கு வைக்கிற நேரம் வந்துவிடும், எழுந்துவிடுவேன். உண்மையில் விளக்கு ஒரு சாக்கு. எழுதினால் கோயில் ஆட்களின் மனம் நோகுமே என்று பயம். முருகனே கோபித்துக்கொள்வானோ என்று அதைவிடப் பெரிய பயம்.

போன மாதம் பதுளைக்குப் போனபோது, சுவரெல்லாம் கண்ணாடியாக இருப்பதால் நாங்கள் கண்ணாடிக் கடை என்கிற அந்தப் பெரிய புத்தகக் கடையின் வாசலில் ஒரு பேனரைப் பார்த்தேன். பார்த்த இடத்திலேயே பயம் தெளிந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் கோபத்தில் எழுத்து கோணும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். என் எழுத்து ஏற்கெனவே கோணல்தான்.

இரண்டு விரல்

என் வீட்டுக்காரர் ராசையா, ஹாலிஎலப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தவர். ஓய்வு பெற்ற மறு வருடம், ஒரு காலையில் பீலியில் கொட்டுகிற தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பாரிசவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அவர்கள் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்கட்டும். நடை கொஞ்சம் வந்தது. வலது கை கொஞ்சம் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. பசித்தாலும் "ம்". கோபம் வந்தாலும் "ம்". நான் அழுதாலும் "ம்".

"பழகின பாட்டு, பழகின பேச்சு, இதையெல்லாம் காதுல போட்டுக்கிட்டே இருங்கம்மா. சிலபேருக்கு அது வழியா வரும்" என்று அங்கே பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்பிள்ளை சொல்லி அனுப்பியது.

எனக்குப் பழகினது சாமி. அவரும் வெள்ளிக்கிழமை பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர்தான். அதனால் நான் நேரே கதிர்காமத்தானிடம் பேசிவிட்டேன். "அவர் வாயில் வருகிற முதல் வார்த்தை உன் பெயராக இருக்கட்டும். பால்குடம் எடுத்துக்கொண்டு உன் வாசலுக்கு வருகிறேன்" என்று. காலையும் மாலையும் அவர் நெற்றியில் விபூதி பூசி, பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். என் குரல் அப்படி, அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒருநாள் மழை விட்ட நேரம். தகரத்திலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் இடது கையைத் தூக்கி, இரண்டு விரலை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். நான் இரண்டு ரொட்டி கொண்டுபோனேன். தள்ளிவிட்டார். இரண்டு வாழைப்பழம் கொண்டுபோனேன். கட்டிலில் படீர் என்று அடித்தார். பீடி கேட்கிறாரோ என்று நினைத்து, "இந்த நிலைமையிலயும் அந்த நெனப்பா?" என்று நான் ஏசியதுதான் மிச்சம். இப்படியே பல நாள் போனது.

என் மகள் புவனா கொழும்பில் துணிக்கடையில் வேலை. லீவில் வந்தவள் வாசலில் பையை வைத்தபடியே அப்பாவைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"அம்மா, அது துவக்கும்மா!"

"என்னது?"

"துவக்கு. டுமீல் டுமீல். அப்பா படக்கதை கேக்குறாரு. இது கூடவா வெளங்கல?"

அவர் "ம்!" என்றார். அந்த "ம்" இதுவரை வந்த "ம்" மாதிரி இல்லை.

தொப்பிக்காரன் யார்?

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சலீம் நானாவின் படக்கதைக் கடை. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். பெயர்ப்பலகை கிடையாது. கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பில் புத்தகங்களைத் தொங்கவிட்டிருப்பார். கடலைக் கொட்டை வாசம், பூச்சி உருண்டை வாசம், எலி வாசம், மூன்றும் ஒன்றாக அடிக்கும். நானா எதையும் துடைக்கமாட்டார். சிரிக்கவும் மாட்டார். விலை குறைக்கச் சொன்னால் காது கேட்காது.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்தால், ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் படம் பார்ப்பார்கள். மற்றக் கடைக்காரன் என்றால் விரட்டியிருப்பான். நானா அவர்கள் உட்காரவென்றே வாசலில் நீளமாக ஒரு மரவாங்கு போட்டார். ஒரு சட்டமும் போட்டார். "வாசிக்கிற ஆளுக்குக் காசு வாணாம். கேக்கிற ஆக்கள்ல ஒருத்தர் போகக்குள்ள ஒரு புத்தகம் வாங்கோணும். யாரெண்டு நீங்களே பேசிக்கொங்கொ."

அந்த வாங்கில் வாசிக்கிற ஆள் என் வீட்டுக்காரர்.

குதிரையும் பாலைவனமுமாக இருக்கிற கதைகள்தான் எங்கள் ஆட்களுக்கு உயிர். ஆனால் அதில் ஒரு கூத்து நடந்தது. தொப்பி, பூட்ஸ், இடுப்பில் கை, குதிரை மேல் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறவன் யார்? வேறு யார், தொரைதான்! எங்கள் தோட்டத்துப் பெரிய தொரை வெள்ளைக்காரனாக இருந்த நாளைக் கண்ட ஆட்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். சரி, வாயை மூடித் துணி கட்டிக்கொண்டு வருகிறவன்? மருந்தடிக்கிற ஆள்! எங்கள் மலையில் புல்லுக்கு மருந்தடிக்கிறவர்கள் அப்படித்தான் துணி கட்டுவார்கள். ஆகவே கொள்ளைக்காரன் நம்ம ஆள், சட்டத்தைக் காப்பாற்ற வந்த கதாநாயகன் தொரை என்று அந்த வாங்கில் தீர்ப்பாகிவிட்டது. கொள்ளைக்காரன் துப்பாக்கியை நீட்டினால் சந்தே கைதட்டும்.

கடைசியில் கொள்ளைக்காரனைச் சிறையில் போடுவார்கள். ஆட்கள் முகம் செத்துப்போகும். என் வீட்டுக்காரர் அதைப் பொறுக்கமாட்டார். படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "குதிரையோட நம்ம ஹல்துமுல்லப் பக்கம் தப்பிச்சுப் போயிட்டான்!" என்று முடித்துவிடுவார். அதைவிட, "கையைத் தூக்கு!" என்று புத்தகத்தில் கொள்ளைக்காரன் எங்கே சொன்னாலும், "கையைத் தூக்குடா, தொரை!" என்றுதான் வாசிப்பார். அப்போது ஒரு சிரிப்புச் சிரிப்பார், மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

கல்யாணமான புதிதில் நான் குடையோடு தள்ளி நின்று, இப்படி ஒரு ஆளுக்கா என்னைக் கட்டிக்கொடுத்தார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

புத்தகத்துக்குத் திரை

நானாவின் கடைக்கே போவோம் என்றேன். புவனா மூக்கைச் சுருக்கினாள்.

"அந்த எலிப்பொந்துக்கா? அப்பாவுக்கு மூச்சு முட்டும். இப்ப பெரிய ரோட்டுல புதுசா தொறந்திருக்காங்கம்மா. ஏசி, லிப்ட்டு எல்லாம் இருக்கு. காமிக்ஸுக்குத் தனியா ஒரு மூலை. கொழும்புல பாதி டவுன்ல அவங்க கடைதான்."

அவள் காசு, அவள் ஆசை. போனோம்.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வா என்று சொல்ல உள்ளே ஒரு மனிதர் இல்லை. ஸ்கூல் பை, தண்ணீர்ப் போத்தல், பஞ்சுக் கரடி, இதையெல்லாம் தாண்டி மேலே போனால் அந்த மூலை. புத்தகங்களைப் பார்த்தேன். எல்லாவற்றையும் பொலித்தீனில் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். எங்கள் மாரியம்மனுக்கே அலங்காரம் செய்கிற நேரம்தான் திரை போடுவோம். பிறகு திறந்து எல்லோரும் கும்பிடுங்கள் என்று விட்டுவிடுவோம். இவர்கள் பத்துப் பக்கப் படக்கதைக்கு நாள் முழுக்கத் திரை போட்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டுமானால் வாங்கு. வாங்காவிட்டால் பார்க்காதே.

அவருக்குக் கால் நடுங்கியது. கலர் கலராக ஒரு நாற்காலி இருந்தது, அதில் உட்காரவைத்தேன். கடைப் பெண் ஓடிவந்தது.

"ஆன்ட்டி, அது போட்டோ எடுக்கிற சீட். உட்காரக் கூடாது."

உட்காரக் கூடாத நாற்காலியை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டேன். அரசாங்க ஒபீஸில்கூட நாற்காலி காலியாக இருந்தால் உட்காரலாம்.

அதற்குள் அவர் ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டார். அட்டையில் குதிரை, தொப்பி, துப்பாக்கி. வலது கை சரியாக வராதே, பொலித்தீனைப் பல்லால் கடித்துக் கிழித்தார். கிழித்ததும் ஒரு சந்தோஷம் பாருங்கள்! "ம்! ம்! ம்!" என்று சத்தம். கடையே திரும்பிப் பார்த்தது.

தொப்பி போட்ட காவல்காரர் வந்தார். புவனாவைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவள் முகம் சிவந்துவிட்டது. என்னடி என்றேன்.

"அப்பாவை வெளியில வச்சுட்டு நம்மள மட்டும் வரச் சொல்றாரும்மா. மத்த ஆட்களுக்குத் தொந்தரவாம்."

செருப்பை வெளியில் விட்டுவிட்டு வரச் சொல்வது கோயிலில். இந்தக் கோயிலில் புருஷனை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள்.

கடைப் பெண் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தியது. இப்போது ஆன்ட்டி போய்விட்டது. "அம்மா, நானும் பசறைப் பக்கம்தான். கெமரா இருக்கு. சத்தம் போட்டா என்னையத்தான் ஏசுவாங்க." அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. மலையில் கங்காணி இருந்தார், இங்கே கூரையில் கெமரா. வித்தியாசம் என்னவென்றால் கங்காணியைத் திருப்பி ஏசலாம்.

கிழித்த புத்தகத்துக்குக் காசு கொடுக்கும்போது என் போன் நம்பர் கேட்டார்கள். எதற்கு என்றேன். பொயின்ட் சேருமாம். வெளியே வந்து பிரித்தால் உள்ளே முழுக்க இங்கிலீஷ். திரைக்குள் இருப்பது என்ன பாஷை என்று யாருக்குத் தெரியும்?

முன்னேற்றம் என்கிறார்கள்

பெரிய கடை வந்தால் ஊர் முன்னேறும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நான் அவர்களோடு வாதாட மாட்டேன். அங்கே வெளிச்சம் இருக்கிறது, வழுக்காத தரை இருக்கிறது, பெண்கள் போவதற்குச் சுத்தமான கக்கூஸ் இருக்கிறது. பதுளை டவுனில் அது சின்ன விஷயமா? பஸ்ஸில் வந்திறங்கி அவதிப்பட்ட பொம்பளைகளைக் கேளுங்கள்.

ஆனால் ஒன்று. நானா கடையில் நான் போய் நின்றால், என்னைப் பார்த்ததும் "ராசையா வீடு" என்பார். கண்ணாடிக் கடையில் நான் போன் நம்பர். கொழும்பில் எங்கேயோ ஒரு முதலாளி இருக்கிறாராம். அவருக்கு ஹாலிஎல ரோட்டில் இருக்கிறதா, ரயிலில் இருக்கிறதா என்று தெரியுமா? எங்கள் மழை தெரியுமா? மருந்தடிக்கிற ஆள் ஏன் துணி கட்டுகிறான் என்று தெரியுமா?

எங்கள் ஆட்களையும் சும்மா விடுவதற்கில்லை. நானா கடையில் நின்று அட்டையைப் போனில் படம் பிடிப்பார்கள். பிறகு கண்ணாடிக் கடைக்குப் போய், "இது இருக்கா, பொயின்ட் சேருமா?" என்று கேட்பார்கள். கையில் அந்தக் கடையின் பை இருந்தால் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் நடக்கும்போது ஒரு தனி நடை வந்துவிடுகிறது. நாய்கூடத் தள்ளிப் போகிறது. சாமி, என் வாயை மன்னிக்கணும்.

நானா வாசித்தார்

அன்றைக்குக் கண்ணாடிக் கடைக்கு வெளியே நின்றோம். கொழும்புக் கடையின் பெருமையெல்லாம் புவனாவின் கண்ணிலிருந்து தண்ணீராக வந்துகொண்டிருந்தது. நான் ஆட்டோ பிடிக்கத் திரும்பினேன். அவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே, காலைத் தேய்த்துத் தேய்த்து, பஸ் நிலையத்துப் பின்சந்துக்குள் நுழைந்தார்.

சலீம் நானா அதே இடத்தில், அதே முகத்தோடு இருந்தார். தாடி மட்டும் வெளுத்திருந்தது.

"ராசையாவா? இத்தன நாளா எந்த மலையில ஒளிச்சிருந்தீங்க?"

"பேச்சு இல்ல நானா. படுத்துட்டாரு" என்றேன்.

நானா ஐயோ பாவம் என்றோ, அல்லா என்றோ சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாங்கைத் துடைத்தார். அவர் ஒன்றைத் துடைத்து நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

"இரிங்கொ."

கயிற்றிலிருந்து ஒரு பழைய புத்தகத்தைக் கழற்றினார். முதுகில் சோற்றுப்பசை போட்டு ஒட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, "இண்டைக்கு நான் வாசிக்கிறேன். குத்தம் சொல்லப்படாது" என்றார்.

முருகா, அந்த வாசிப்பு! ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிப்பார்களே, அந்தக் குரல். குதிரையும் அதே குரல், கொள்ளைக்காரனும் அதே குரல். வாசலில் கடலைக்கார அம்மா கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றுவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கண்டக்டர் ஒருவர் நின்றார். இன்னும் இரண்டொருவர்.

நானா வாசித்தார். "அப்போது தொப்பிக்காரர் வந்து, கையைத் தூக்கு என்றார்."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "ம்!"

"என்ன?"

"ம்! ம்!" என்று படத்தில் துணி கட்டியவனை விரலால் குத்திக் காட்டினார். சொன்னது தொப்பிக்காரன் இல்லை, கொள்ளைக்காரன்!

"இல்லயே. இங்க அப்பிடித்தான் ஈக்கிது" என்று நானா மறுபடியும் வாசித்தார். "தொப்பிக்காரர், கையைத் தூக்கு என்றார்."

தெரிந்து செய்தாரா, கண் தெரியாமல் செய்தாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டாலும் அந்த மனிதர் சொல்லமாட்டார்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. நம்ம ஆளின் பேச்சைத் தூக்கித் தொரையின் வாயில் வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? கழுத்து நரம்பு புடைத்தது. முகம் கறுத்தது. நான் பயந்து, "போதும் நானா" என்று புத்தகத்தைப் பிடுங்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். இரண்டு விரலை நானாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

"கை... கை... கையைத் தூக்குடா, தொரை!"

நானா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். புத்தகம் கீழே விழுந்தது. கடலைக்கார அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கையைத் தூக்கியது. கண்டக்டர் டிக்கட் மெஷினோடு தூக்கினார். புவனா அழுதுகொண்டே தூக்கினாள். எனக்கு ஒரு கையில் குடை, ஒரு கையில் அந்தக் கண்ணாடிக் கடைப் பை. இரண்டையும் கீழே போட்டுவிட்டு நானும் தூக்கினேன்.

அவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்தார். அதே சிரிப்பு. மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

கையை இறக்கிய நானா, கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, குனிந்து புத்தகத்தை எடுத்தார். "சரி, சரி. கேட்ட ஆக்கள்ல ஒருத்தர் ஒரு புத்தகம் வாங்கோணும். யாரெண்டு நீங்களே பேசிக்கொங்கொ."

எல்லோரும் வாங்கினோம்.

அந்த வார்த்தை யாருடையது?

முருகன் பெயர் வரவில்லை என்பதற்காக நான் வேண்டுதலை விடவில்லை. கதிர்காமத்துக்குப் போய்ப் பால்குடம் எடுத்தேன். நடந்ததை அப்படியே சந்நிதியில் சொன்னேன். கொள்ளைக்காரன் பேச்சாக வந்ததையும் சொன்னேன். மனம் லேசாகத்தான் இருந்தது.

ஆனால் ஆடி மாதத் திருவிழாவில் எங்கள் பூசாரி ஐயா கற்பூரத் தட்டோடு திரும்பி, "ஊமையாக் கிடந்த ராசையா, ஒருநாள் முருகான்னு கூப்பிட்டாரு!" என்றார். நல்ல மனிதர், பக்தியில் சொன்னார். சனம் அரோகரா போட்டது. கற்பூரம் எரியும்போது எப்படி மறுத்துப் பேசுவது? என் பக்கத்தில் நின்றவர் "ம்" என்றார். எங்கள் வீட்டில் அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இப்போது கொஞ்சம் பேசுகிறார். சோறு, தண்ணி, என் பெயர், மழை வருது. இவ்வளவு நீளக் கதையை எழுந்து நின்று மறுக்க அவருக்கு வார்த்தை போதாது.

அந்தக் கதை தோட்டம் தோட்டமாகப் போனது. போகப் போக இடமும் மாறியது. யாரோ எங்களை அன்றைக்குக் கண்ணாடிக் கடை வாசலில் பார்த்திருக்கிறார்கள். போன மாதம் பார்த்த பேனருக்கு இப்போது வருகிறேன். அந்தக் கலர் நாற்காலியின் படம். அதில் கோட்டுப் போட்ட ஒரு கிழவர் பல் தெரியச் சிரிக்கிறார். பக்கத்தில் பெரிய எழுத்தில், "பேச்சிழந்தவருக்கும் பேச்சு திரும்பிய இடம். குடும்பத்தோடு வாருங்கள்."

குடும்பத்தோடு வரச் சொல்கிறார்கள்! வெளியில் வைத்துவிட்டு வரச் சொன்ன வாய் இது. உட்காரக் கூடாது என்று எழுப்பிவிட்ட அதே நாற்காலி.

நேரே போய் நானாவிடம் சொன்னேன். கிளிப்பைச் சரிசெய்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"விடுங்கொ தங்கச்சி. அவங்கட கடையில பேச்சு வாறதெண்டா, மொதல்ல அந்தக் கதவுக்கு வரட்டும். வாறவங்கள வாங்க எண்டாவது சொல்லும்."

அவர் விட்டுவிட்டார். நான் விடவில்லை. பெரிய கடை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. ரோட்டை எடுத்துக்கொண்டது, ஆட்களை எடுத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் பட்ட பாடெல்லாம் பட்டு வெளியே கொண்டுவந்த அந்த ஒரு பேச்சையுமா கொடுக்க முடியும்?

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வீர்கள். சொல்லுங்கள், சந்தோஷம். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். கண்ணாடிக் கடை என்று சொல்லாதீர்கள். சலீம் நானாவின் வாங்கு என்று சொல்லுங்கள். முருகா என்று சொன்னதாகச் சொல்லாதீர்கள். முருகன் பெயரைச் சொல்ல உலகத்தில் எத்தனையோ வாய் இருக்கிறது, அவன் இதற்காகச் சண்டைக்கு வரமாட்டான். "கையைத் தூக்குடா, தொரை!" என்றுதான் சொன்னார். நீட்டி முழக்கச் சோம்பல்பட்டு அந்தத் தொரையை விட்டுவிடாதீர்கள். அது புத்தகத்தில் கிடையாது. அவர் சொந்தமாகப் போட்டது.